ஒரே படகில் வந்ததால் குற்றவாளியா? முதுமையின் நோய்களும் மரபணுத் தேடலும்

நெடுந்தீவு மாவலித்துறையில் அம்மாவைப் படகில் ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே நின்று கையைப் பிடிக்க வேண்டும், மற்றவர் பின்னால் நின்று தாங்க வேண்டும். அம்மாவுக்கு 78 வயது. இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருக்கின்றன. நாலு அடி நடந்தால் மூச்சு முட்டுகிறது. இரவில் தலையணையை உயர்த்தி வைத்து, அரைவாசி இருந்தபடிதான் நித்திரை கொள்கிறார். குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி கடந்து பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போய்ச் சேர அரை நாள் போய்விடும்.

அன்றும் அப்படித்தான் படகில் இருந்தோம். லண்டனில் இருந்து தம்பி அழைத்தான்.

“அண்ணை, எங்கட ஆக்களுக்கு இருதயத்தில ஒரு பிழையான ஜீன் இருக்காம். நூறு பேரில நாலு பேருக்கு இருக்காம். வயது போகத்தான் வேலையைக் காட்டுமாம். பெரியப்பா 52 வயதில விழுந்து செத்தவர். இப்ப அம்மாவுக்கு இப்பிடி. எங்கட குடும்பத்துக்கும் அதுதானோ?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: “மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுறம். அவையள் கேட்டால் என்ன சொல்லுறது?”

நான் தீவகப் பாடசாலைகளில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வைத்தியன் அல்ல. ஆனால் தம்பி வாசித்த செய்தி எந்த ஆய்விலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த ஆய்வுக்குப் பிறகு நடந்தவை அவனுக்குத் தெரியாது என்பதும் தெரியும். அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே பயம் எங்கள் ஆட்களில் பலருக்கு இருக்கலாம்.

மதுரையில் கண்டுபிடித்த மரபணு

தம்பி சொன்ன மரபணுவின் பெயர் எம்.வை.பி.பி.சி.3. எங்களின் 11ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இருதயத் தசை சுருங்கி விரியும்போது அதை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அதில் எழுதப்பட்டிருக்கிறது. 2003இல் இந்தியக் குடும்பங்களில், இந்த மரபணுவில் தொடர்ச்சியாக 25 எழுத்துகள் இல்லாமற் போயிருப்பதை ஆய்வாளர்கள் முதலில் கண்டார்கள்.

2009இல் ‘நேச்சர் ஜெனற்றிக்ஸ்’ இதழில் பெரிய ஆய்வொன்று வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை எஸ். தண்டபாணி, ஹைதராபாத்தில் உள்ள கல, மூலக்கூற்று உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் வேறு பலரும் சேர்ந்து செய்தது. இந்திய இருதய நோயாளரையும் நோயில்லாதவரையும் ஒப்பிட்டபோது, அந்த 25 எழுத்து இல்லாதவர்களுக்கு இருதயம் பலவீனமடையும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு கூடுதலாகத் தெரிந்தது. தென்னாசியப் பூர்வீகம் உள்ளவர்களில் நூற்றுக்கு நாலு பேர் அளவில் இந்தக் குறை இருந்தது. இலங்கையிலும் இருந்தது. வேறு கண்டங்களின் மக்களிடம் காணவில்லை.

இளமையில் ஒன்றும் தெரியாது, நடுத்தர வயதைத் தாண்டிய பிறகே நோய் வெளிப்படும் என்றார்கள். அன்று சொல்லப்பட்ட விளக்கம் இதுதான்: இளம் கலங்கள் பிழையான புரதத்தை உடைத்து அப்புறப்படுத்திவிடுகின்றன. வயது போகப் போக அந்தத் துப்புரவு வேலை மந்தமாகிறது. குப்பை சேர்கிறது. தசை பழுதாகிறது.

இந்தச் செய்தி உலகம் எங்கும் போனது. கோடிக்கணக்கான தென்னாசியர் இருதயத்தில் ஆபத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள் என்று எழுதினார்கள். தம்பியின் கைக்கு இத்தனை வருடம் கழித்துக் கிடைத்ததும் அந்தச் செய்திதான். ஆனால் கதை 2009இல் முடியவில்லை.

தலையாட்டியும் சுற்றிவளைப்பும்

சுற்றிவளைப்பைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரை மறித்து எல்லோரையும் மைதானத்தில் இருத்துவார்கள். முகத்தை மூடிய தலையாட்டி முன்னால் இருப்பார். ஒவ்வொருவராக அவருக்கு முன்னால் நடக்க வேண்டும். அவர் தலையை ஆட்டினால் முடிந்தது. அந்த ஆள் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. சந்தேகத்துக்குரிய ஒருவரோடு ஒரே லேனில் இருந்திருக்கலாம். ஒரே படகில் வந்திருக்கலாம். அதுவே போதுமானதாக இருந்தது.

நோய்க்கான மரபணுவைத் தேடும் முதற்படியும் ஏறக்குறைய ஒரு சுற்றிவளைப்புத்தான். மனிதனின் முழு மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. நோயுள்ள ஆயிரக்கணக்கானவரையும் நோயில்லாத ஆயிரக்கணக்கானவரையும் எடுத்து, இலட்சக்கணக்கான இடங்களில் அவர்களின் எழுத்துகளை ஒப்பிடுவார்கள். நோயுள்ளவர்களிடம் ஓர் எழுத்து கூடுதலாகக் காணப்பட்டால் கணினி தலையை ஆட்டும். 2005இல் இந்த முறையின் முதல் வெற்றிகளில் ஒன்று வந்தது. வயது போனவர்களின் விழித்திரை நடுப்பகுதி சிதையும் நோய்க்கு, 96 நோயாளரையும் நோயில்லாத 50 பேரையும் மட்டுமே ஒப்பிட்டு, உடலின் எதிர்ப்புச் சக்தியோடு தொடர்பான மரபணு ஒன்றைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு நீரிழிவு, மாரடைப்பு, மறதிநோய், மூட்டுத் தேய்வு என்று ஆயிரக்கணக்கான இடங்களில் கணினி தலையாட்டியிருக்கிறது.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, எழுத்துகள் தனியாகப் பயணம் செய்வதில்லை. தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு அவை பெரிய துண்டுகளாக வருகின்றன. ஒரே படகில் ஏறியவர்கள் போல, அருகருகே உள்ள எழுத்துகள் பல தலைமுறைகளுக்குச் சேர்ந்தே போகும். அவற்றில் ஒன்று குற்றம் செய்தால், கூட வந்த எல்லா எழுத்துகளும் நோயாளியிடம் காணப்படும். கணினி எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டும்.

இரண்டாவது, புரதங்களைச் செய்யும் ஏறத்தாழ 20,000 மரபணுக்களின் குறிப்புகள் அந்த 300 கோடி எழுத்துகளில் 2 வீதத்துக்கும் குறைவான இடத்தையே பிடிக்கின்றன. கணினி தலையாட்டும் எழுத்துகளில் பத்துக்கு ஒன்பது இந்த இடத்துக்கு வெளியே இருக்கின்றன. அவை எந்தப் புரதத்தையும் நேரடியாகக் கெடுப்பதில்லை. எங்கோ உள்ள மரபணு ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஆளிகளாகவே அவற்றிற் பல இருக்கின்றன. ஆளி சுவரில் இருக்கும். அது எந்த அறையின் லைற்றுக்கு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

விசாரணை

செயற்பாட்டு மரபணுவியல் என்று சொல்லப்படுவது சுற்றிவளைப்புக்குப் பிறகு வரும் விசாரணை. எழுத்து எங்கே நிற்கிறது என்று பார்ப்பதோடு அது நிற்காது. அந்த எழுத்து என்ன செய்கிறது, எந்தக் கலத்தில் செய்கிறது, அதை மாற்றினால் என்ன நடக்கிறது என்று கேட்கும்.

இதற்கு இப்போது நல்ல கருவிகள் உண்டு. உயிரோடு இருப்பவரின் இருதயத்தை வெட்டி எடுத்துச் சோதிக்க முடியாது. ஆனால் 2007இல் யப்பானின் ஷின்யா யமனாக்கா, மனிதத் தோற் கலங்களைப் பின்னோக்கி மாற்றி, எந்தக் கலமாகவும் வளரக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு, நோயாளியின் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ எடுத்த கலத்தை ஆய்வுகூடக் கிண்ணத்தில் துடிக்கும் இருதயத் தசையாக வளர்க்க முடிகிறது. 2012இல் ஜெனிபர் டௌட்னா, எமானுவேல் சார்பென்ரியே ஆகியோர் உருவாக்கிக் காட்டிய கிறிஸ்பர் முறையால் ஒரு தனி எழுத்தை மட்டும் திருத்த முடிகிறது. ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, எதை நிறுத்தும்போது கலம் நோயாளியின் கலம் போல் நடக்கிறது என்றும் பார்க்க முடிகிறது.

இந்த விசாரணை ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2007இல் உடற்பருமனுக்கும் அதன் வழியாக நீரிழிவுக்கும் எஃப்.ரி.ஓ. என்ற மரபணுவே காரணம் என்று செய்தி வந்தது. கணினி தலையாட்டிய எழுத்துகள் அந்த மரபணுவின் உள்ளேயே இருந்தன. வீட்டுக்குள் பிடிபட்டவர் வீட்டுக்காரராகத்தானே இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2014இலும் 2015இலும் வந்த ஆய்வுகள் அதைப் புரட்டிப் போட்டன. அந்த எழுத்துகள் எஃப்.ரி.ஓ.வின் உள்ளே இருந்தாலும், அவை இயக்கியது இலட்சக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால் உள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 என்ற வேறு இரண்டு மரபணுக்களை. டி.என்.ஏ. நூல் வளைந்து மடிந்து கிடப்பதால், தொலைவில் உள்ளவை தொட்டுக்கொள்ள முடிகிறது. கொழுப்புக் கலங்களில் அந்த ஒரு எழுத்தைத் திருத்தியபோது, கலங்கள் கொழுப்பைச் சேமிப்பதை விட்டு எரிக்கத் தொடங்கின.

வீட்டு வாசலில் நின்ற ஒருவர் செய்த வேலைக்கு வீட்டுக்காரர் பல வருடம் பழி சுமந்தார் என்று சொல்லலாம்.

மதுரை மரபணுவின் மறுவிசாரணை

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

2018இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சக்திவேல் சடையப்பன் குழுவினர், அமெரிக்காவில் வாழும் தென்னாசியரை ஆராய்ந்தார்கள். அந்த 25 எழுத்து இல்லாதவர்கள் எல்லோரின் இருதயமும் ஒரே மாதிரி இல்லை என்று கண்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவரிடம், அதே மரபணுவில் இன்னோர் எழுத்து மாற்றமும் கூடவே இருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்தவர்களின் இருதயமே வழமைக்கு மாறாகக் கடுமையாகச் சுருங்கியது.

2020இல் பிரித்தானிய ஆய்வாளர்களின் தலைமையில் இன்னோர் ஆய்வு வந்தது. இருதயத் தசை தடிக்கும் நோயுள்ள தென்னாசியர்களிடம், அந்த 25 எழுத்துக் குறையோடு ஒரே துண்டில் சேர்ந்து வந்த வேறொரு மாற்றத்தைக் கண்டார்கள். ஜி என்ற எழுத்து ஏ என்று மாறியிருந்தது. இது ஏன் ஆபத்து என்பதை விளங்கிக்கொள்ளத் தையற்கடையை நினைத்துப் பாருங்கள். மரபணுவின் குறிப்பைப் படியெடுத்த பிறகு, தேவையற்ற துண்டுகளை வெட்டி மிச்சத்தை ஒட்டும் வேலை கலத்துக்குள் நடக்கிறது. எங்கே வெட்டுவது என்பதற்குச் சோக்கால் கீறிய கோடு போல அடையாளங்கள் உண்டு. இந்த ஓர் எழுத்து மாற்றம் பிழையான இடத்தில் புதுக் கோடு கீறிவிடுகிறது. கலம் அங்கே வெட்டுகிறது. புரதம் முழுமையாக உருவாவதில்லை.

இந்தக் கோடு உள்ளவர்களைத் தனியே எடுத்துவிட்டு மிச்சப் பேரைப் பார்த்தபோது, 25 எழுத்து இல்லாமை மட்டும் உள்ளவர்களுக்கு அந்த நோயின் ஆபத்து குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. தசை தடிக்கும் நோயைப் பொறுத்தவரை, இத்தனை காலமும் நூற்றில் நாலு பேர் மீது சுமத்தப்பட்ட பழி, அவர்களுள் ஒரு சிறு பகுதியினரோடு ஒரே படகில் வந்த இன்னோர் எழுத்தினுடையது.

மதுரை ஆய்வு வீணானது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்தச் சுற்றிவளைப்பு நடந்திருக்காவிட்டால் அந்த லேனில் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். முதுமையில் இருதயம் பலவீனமடைவதில் 25 எழுத்துக் குறைக்குத் தனியாகப் பங்கு உண்டா என்ற விவாதமும் முடியவில்லை. ஆனால் நூற்றில் நாலு பேரைப் பார்த்து “உனக்கு இருதயநோய் எழுதியிருக்கிறது” என்று சொல்ல எவராலும் முடியாது.

லண்டனில் இருக்கும் 102 பேர்

விசாரணை நடப்பதற்கு எங்கள் ஆட்களின் எழுத்துகள் யாரிடமாவது இருக்க வேண்டும். எழுத்துக்குறைகள் எல்லா மக்களிடமும் ஒன்று போல் இருப்பதில்லை. மதுரை ஆய்வில் கண்ட குறை ஐரோப்பியரிடம் காணப்படாதது. ஐரோப்பியரை மட்டுமே ஆராய்ந்திருந்தால் அது என்றைக்கும் கண்ணில் பட்டிருக்காது. இன்றைக்கும் உலகின் மரபணு ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் மிகப் பெரும்பான்மையானவர்கள் ஐரோப்பியப் பூர்வீகம் உள்ளவர்களே.

அப்படியானால் இலங்கைத் தமிழர் எங்கே இருக்கிறார்கள்?

ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டம் என்று ஒன்று உண்டு. அதன் இறுதிக் கட்ட முடிவுகள் 2015இல் வெளிவந்தன. 26 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரின் முழு எழுத்துகளும் அதில் உள்ளன. உலகில் எந்த ஆய்வாளரும் பணம் கொடுக்காமல் எடுத்துப் பார்க்கலாம். அந்த 26 கூட்டங்களில் ஒன்றின் பெயர் எஸ்.ரி.யு. விரித்தால், பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். மொத்தம் 102 பேர்.

இதை முதன்முதலில் வாசித்த அன்று கொஞ்ச நேரம் கணினிக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டேன். உலகத்தின் மரபணு ஏட்டில் எங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அந்த இரத்தம் எடுக்கப்பட்டது யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஊர்காவற்றுறையிலோ அல்ல. பிரித்தானியாவில். எங்கள் ஊர்களை விட்டு எங்கள் ஆட்கள் எதற்காகப் போனார்கள் என்பதை இங்கு எழுதத் தேவையில்லை. குமுதினிப் படகில் 1985 மே 15 அன்று நடந்ததை நெடுந்தீவும் நயினாதீவும் மறக்கவில்லை. 1990இல் தீவகம் வெறுமையானதையும் மறக்கவில்லை. அந்த 102 பேரின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. பெயரோ நோய் விபரமோ பதியப்படவில்லை. சம்மதம் கேட்டு, இரத்தம் எடுத்து, ஓர் இலக்கம் மட்டும் கொடுத்தார்கள். அவர்களின் இரத்தத்திலிருந்து வளர்த்த கலங்கள் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், கொறியல் நிறுவனத்தின் உறைகுளிரில் பாதுகாக்கப்படுகின்றன.

உறைந்த கலங்களுக்கு என்ன பயன்? செயற்பாட்டு மரபணுவியலுக்கு அவைதான் சாட்சிகள். 2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்த 26 கூட்டங்களிலிருந்தும் 731 பேரின் கலங்களை எடுத்து, ஒவ்வொரு கலத்திலும் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தது. எந்த எழுத்து எந்த ஆளி என்பதைக் கண்டுபிடிக்க இந்த அளவீடு உதவுகிறது. பல கூட்டங்களின் ஆட்களைச் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஓரிடத்தில் எப்போதும் ஒரே படகில் போகும் எழுத்துகள், இன்னொரு மக்களிடம் வெவ்வேறு படகுகளில் ஏறியிருக்கும். அங்கே அவற்றைப் பிரித்துக் குற்றவாளியைத் தனியாகக் காண முடியும்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மரபணுக்கள் வேலை செய்யும் அளவில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் 92 வீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கூட்டங்களுக்கு இடையில் உள்ளது மிகச் சிறிய பங்கு. இரத்தத்தைச் சொல்லி மனிதரைப் பிரித்த ஒரு நாட்டில் வாழ்ந்து களைத்தவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நிறுத்தி வாசிக்கலாம்.

102 பேர் போதாது என்பதும் உண்மை. இந்தியா, ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தில் ஏறக்குறைய 10,000 பேரின் எழுத்துகளை வாசித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளருக்குத் திறந்துவிட்டது. எங்கள் தீவுகளிலும் ஒரு நாள் யாராவது இரத்தம் கேட்டு வரலாம். சொந்தத்துக்குள்ளேயே திருமணம் செய்த சிறு ஊர்கள் ஆய்வாளருக்கு மிகவும் பயனுள்ளவை. ஐஸ்லாந்து என்ற தீவு மக்களிடம்தான், நீரிழிவோடு மிக வலுவான தொடர்புள்ள ரி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணு 2006இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அதே ஐஸ்லாந்தில், மக்களின் மருத்துவப் பதிவுகளை அவர்களிடம் கேட்காமல் சேர்க்கலாமா என்று பெரிய சர்ச்சையும் நீதிமன்ற வழக்கும் நடந்தன. பதிவு என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படும் மக்கள் நாங்கள். எங்கள் பெயர்ப் பட்டியல்களைக் கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்த்தவர்கள். அதனால் யார் கேட்கிறார்கள், எதற்கு, எங்கே வைப்பார்கள், பிறகு விலக முடியுமா, பயன் யாருக்கு என்ற கேள்விகளை எங்களால் கேட்காமல் விட முடியாது.

யுத்தம் எங்கள் மரபணுவை மாற்றியதா?

படிப்பித்த காலத்திலிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. பொருளாதாரத் தடையில் பசியிருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு அது நோயாக வருமா?

பசி எழுத்துகளை மாற்றாது. ஆனால் எழுத்துகளின் மேல் கலம் வைக்கும் இரசாயனக் குறிகளை மாற்றலாம். ஆளியைத் திறப்பதும் மூடுவதும் இந்தக் குறிகளின் வேலைகளில் ஒன்று. 1944, 1945 குளிர்காலத்தில் ஜேர்மன் இராணுவம் ஒல்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவைத் தடுத்தது. அந்தப் பசிக்குள் கருவாக இருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, அவர்களின் உடல் சீனியைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. 2008இல் லைடன் ஆய்வாளர்கள், பசியின்போது கருத்தரிக்கப்பட்ட 60 பேரை அவர்களின் சொந்தச் சகோதரர்களோடு ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ அறுபது வருடங்கள் கழிந்த பிறகும் வளர்ச்சியோடு தொடர்பான ஒரு மரபணுவின் மேல் குறிகள் குறைந்திருந்தன.

இங்கும் அதே எச்சரிக்கை வேண்டும். குறி குறைந்திருந்தது என்பது ஒன்று. அந்தக் குறிதான் நோயைக் கொண்டுவந்தது என்பது வேறொன்று. அதற்கும் விசாரணை வேண்டும். ஆனால் முற்றுகைக்குள் பிறந்தவர்கள் நாற்பது வயதிலேயே சீனியையும் பிறெஷரையும் சோதித்துப் பார்ப்பதற்கு அந்த விசாரணை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதனால் என்ன பயன்?

விசாரணை சரியாக நடந்தால் மருந்து கிடைக்கும். 2003இல் பிரான்சில், கொழுப்பு மிக அதிகமாக உள்ள குடும்பங்களில் பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு பிடிபட்டது. அது அளவுக்கு மீறி வேலை செய்தது. பிறகு அமெரிக்காவின் டலஸ் நகரில் ஹெலன் ஹொப்ஸ், ஜொனதன் கோகன் ஆகியோர் நேரெதிரான ஆட்களைத் தேடினார்கள். அந்த மரபணு முறிந்திருந்தவர்களை, முக்கியமாகக் கறுப்பின மக்களிடையே கண்டார்கள். அவர்களின் கெட்ட கொழுப்பு குறைவாக இருந்தது. மாரடைப்பு மிக அரிதாக இருந்தது. கூட்டினால் நோய், குறைத்தால் பாதுகாப்பு. இதைவிட உறுதியான சாட்சியம் வேண்டியதில்லை. 2015இல் அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் பாவனைக்கு வந்தன. வெள்ளையரை மட்டும் ஆராய்ந்திருந்தால் அந்த முறிவுகள் கண்ணில் படுவது கடினமாக இருந்திருக்கும்.

அந்த ஊசிகளின் விலை எங்கள் தீவு மக்களுக்கு எட்டாது. ஆனால் கிளினிக்கில் தரும் கொழுப்புக் குளிசையும் பிறெஷர்க் குளிசையும் எட்டும். எந்த மரபணு இருந்தாலும் அவை வேலை செய்கின்றன.

அம்மாவுக்கு எக்கோ எடுத்தார்கள். பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாத பிறெஷரால் இருதயம் களைத்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். இடப்பெயர்வுகளில் அம்மா எத்தனை வருடம் குளிசை இல்லாமல் இருந்தார் என்று எண்ணிப் பார்த்தேன். அதற்கு ஜீன் தேவையில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நீர் போகும் குளிசை தந்தார்கள். கருவாட்டை நிறுத்தச் சொன்னதுதான் அம்மாவுக்குப் பெரிய கவலை.

குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்தபோது தம்பிக்கு எடுத்தேன்.

“பெரியப்பா 52 வயதில திடீரெண்டு செத்தவர் எண்டதை உன்ர வைத்தியரிட்டச் சொல்லு. முதல்ல நீ ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடு. அதில ஏதும் இருந்தால்தான் பிள்ளையளுக்கும் பாக்க வேணும், ஜீன் சோதனையும் செய்ய வேணும். செய்தாலும் அந்த 25 எழுத்தை மட்டும் பாத்திட்டு முடிவு சொல்ல விடாதை.”

“சம்பந்தக்காரருக்கு?”

“அவையளுக்குச் சொல்ல இப்ப ஒண்டுமில்லை. நூறு பேரில நாலு பேர் எண்டால் அவையின்ர குடும்பத்திலயும் இருக்கும்.”

அவன் சிரித்துவிட்டான். இரண்டு கிழமை கழித்துக் குறுஞ்செய்தி அனுப்பினான்: ஈ.சி.ஜி. சரி, எக்கோவுக்கு அடுத்த மாதம் திகதி கிடைத்திருக்கிறது. நான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா குளிசைப் பையைத் திறந்து, பின்னேரக் குளிசையை எண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.